மூடி திறக்கும் சத்தம்

சூடு இல்லை. சூடாக இருக்கவே முடியாது. சூட்டினால் நிற்கிற மோட்டார் சைக்கிள் ஏற்றத்தில் நிற்கும், சந்தை நெரிசலில் நிற்கும். புளியங்குடியைத் தாண்டி, எலுமிச்சைத் தோப்புக் காற்று முகத்தில் அடிக்கிற நேர்ச்சாலையில், வெயில் இன்னும் முதுகில் ஏறாத காலையில், யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி இருமி, விக்கி, இப்படி நிற்காது. மூன்றாவது தடவை. அண்ணனிடம் சொன்னால் "பழைய வண்டின்னா அப்படித்தான் செண்பா" என்பான், கோமதிநாயகத்துக்கு எல்லாக் கேள்விக்கும் அது ஒன்றே பதில், பழைய வண்டி, பழைய வண்டி. உதவாத வண்டி என்றால் அதை வாங்கச் சென்னையில் ஒரு ஆளை ஏன் பிடித்து வைத்திருக்கிறாய், அந்த ஆள் ஏன் படம் படமாகக் கேட்டு வாங்குகிறான், பழசுக்கு இத்தனை பசியா என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. இப்போது சொல்லவும் முடியாது. சொன்னால் முடிந்தது. கைப்பேசி தோள்பையில் இருக்கிறது, வீட்டு எண்ணை அழுத்தினால் வண்டி போய்விடும், அவ்வளவுதான் ஒப்பந்தம். அப்பா சாப்பிடும்போது சொன்னார், என்னைப் பார்த்து அல்ல, தட்டில் இருந்த ரசத்தைப் பார்த்து: "போகட்டும். ஆனா வழியில நின்னுருச்சுன்னு ஒரு போன் வந்துச்சுன்னா, கோமதி அன்னைக்கே வண்டியக் கொண்டு போயிருவான்." யார் பண்ணுகிற போன் என்று கேட்டேன். சட்டம் தெளிவாக இருக்க வேண்டாமா? ரோட்டில் போகிற எவனோ கூப்பிட்டுச் சொன்னாலும் அது கணக்கா? "இவகூட மனுசன் பேச முடியுமா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு மறுபடியும் ரசத்திடம் திரும்பினார். "அவ பண்ற போன்." சரி, அவள் பண்ணமாட்டாள். வண்டி போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாரச்சந்தைப் பெண்களைப் பற்றிய என் ஆய்வு நிற்காது, ரொம்ப மரியாதையாக நடக்கும். அண்ணனுக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வாரச்சந்தை பார்க்கப் போவேன், சந்தை கலைந்த பிறகு. விடியுமுன் மூட்டை இறக்குகிற பெண்களிடம் பேச வேண்டியவள், காலித் தராசுகளைப் படம் பிடித்துக்கொண்டு வருவேன். "கூட யாரு வந்தா?" என்று பல்கலைக்கழகத் துறையில் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் அதை மட்டும்தான் கேட்பார்கள்.

யாரோ செய்திருக்கிறார்கள். தானாக வருகிற கோளாறுக்கு இந்த ஒழுங்கு வராது. ராஜபாளையத்தில் கிளம்பி சிவகிரி வருமுன் ஒரு தடவை, வாசுதேவநல்லூர் தாண்டி ஒரு தடவை, இதோ இப்போது, ஏறக்குறைய ஒரே தூரம் ஓடி ஓடி நிற்கிறது, கயிறு கட்டிய மாடு மாதிரி. முதல் தடவையே பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பொறி நீலமாகப் பளிச்சென்று அடித்தது, ஆகவே பொறி தருகிற காயிலும் பாயிண்டும் நிரபராதிகள். பிளக் முனை மட்டும் காய்ந்து வெளுத்திருந்தது. அது பசி, பெட்ரோல் வந்துசேராத பசி. யார் பட்டினி போட்டது? மெக்கானிக் அந்தோணிசாமி அண்ணன் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டும்போது நான் பக்கத்திலேயேதான் நின்றேன், ஒரு திருகு விடாமல் பார்த்தேன், ஆனால் நடுவில் டீ குடிக்கப் போனேனே. திரும்பி வந்தபோது "எட்டூருக்கும் போகும் தாயி, கண்ண மூடிக்கிட்டுப் போ" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஏன் போக வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவரும் அண்ணனும் ஒரே பள்ளிக்கூடம். பூஜை லீவுக்கு வந்த அண்ணன் பூஜைக்கு முந்தின இரண்டு சாயங்காலம் "சும்மா ஒரு ரவுண்டு" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான், வருசக்கணக்காக அதைத் திரும்பிப் பார்க்காதவன். சர்க்கரை போட்டிருப்பான், மண்ணெண்ணெய் கலந்திருப்பான் என்று ஒவ்வொரு தடவை நின்றபோதும் டேங்க் மூடியைத் திருகித் திறந்து முகர்ந்து பார்த்தேன். திறக்கும்போது புஸ் என்று ஒரு சத்தம். உள்ளே விரலை விட்டால் எட்டிவிடும், அவ்வளவு நிறைய இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன், பிசுபிசுப்பு இல்லை, சில்லென்று பறந்துபோனது. நல்ல பெட்ரோல். அண்ணன்மேல் குற்றம் நிரூபணமாகாததில் எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல, எரிச்சல். மூடிவிட்டு உதைத்தால் இரண்டு தடவையும் எதுவும் நடக்காத மாதிரி புறப்பட்டது. அப்போது நானே சொல்லிக்கொண்டேன், சூடு, ஆறிவிட்டது என்று. எனக்கு நானே சொல்கிற சமாதானத்தைக்கூட இனி நம்பக்கூடாது.

அப்பாவை மட்டும் ஏன் விட்டு வைத்திருக்கிறேன்? அப்பாவுக்குத்தான் இந்த வண்டியின் ஒவ்வொரு எலும்பும் தெரியும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக அவர் இருந்தபோது டூர் என்பது எங்கள் வீட்டில் ஒரு கிழமையின் பெயர். ஞாயிறு, டூர், டூர், டூர், சனி. இரண்டு பக்கப் பெட்டியிலும் சாம்பிள் மாத்திரைகளை அடுக்கிக்கொண்டு, கழுத்தில் டையோடு, சாத்தூர், சங்கரன்கோவில், செங்கோட்டை, மலையேறிப் புனலூர் வரை. பெட்டியில் இப்போது என் உடுப்பும் ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கின்றன, ஆனால் மூடியைத் திறந்தால் இன்னும் பி-காம்ப்ளெக்ஸ் வாடைதான் வருகிறது, என் துப்பட்டாவிலும் ஏறிவிட்டது, இன்று சாயங்காலம் பாவூர்சத்திரத்தில் எந்த வியாபாரியம்மாவிடம் போய் நின்றாலும் ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பாள். சின்ன வயதில் என்னை டேங்க் மேல் உட்கார வைத்து ஊருக்குள் ஓட்டுவார். இரண்டு கையும் அவர் கைக்கு நடுவில், தாடைக்குக் கீழே என் தலை. ஒருநாள் அப்படிப் போகையில் என் கையில் பட்டென்று ஒரு அடி கொடுத்தார். எதற்கு என்று ஞாபகம் இல்லை. நான் எதையும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன், அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது, புறங்கையில், மோதிரம் பட்டு. என் குற்றப்பத்திரிகையில் அது முதல் வரி. கடைசி வரி ஆயுதபூஜை. வாரக்கணக்காக என்னோடு நேராகப் பேசாமல், "அவ ஓட்டப் போறாளாமே", "அவகிட்ட இன்சூரன்ஸப் பாக்கச் சொல்லு" என்று அம்மா வழியாகவே பேசியவர், அன்றைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து மிக்சி, தையல் மெசின், என் மடிக்கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, வாசலில் இறங்கி, வண்டிக்கு மேலிருந்த உறையைத் தானே உருவி, விளக்குக்கு ஒன்று, கைப்பிடிக்கு ஒன்று, டேங்குக்கு ஒன்று என்று வைத்தார். குழைத்து, தட்டி, அதன் நடுவில் குங்குமம். நான் படியில் நின்று பார்த்தேன். இரும்புக்குப் பொட்டு வைக்கிறீர்களே, ஓட்டப்போகிறவளுக்கு ஒரு வார்த்தை உண்டா என்று கேட்க வாய்வரை வந்தது. அது வாழ்த்து அல்ல என்று எனக்கு அப்போதே புரிந்தது. ஆட்டுக்குச் சாயம் பூசி விடுகிற மாதிரி, இது என்னுடையது என்று வைக்கிற அடையாளம். அதனால்தான் இன்று காலை கிளம்பும்போது ஈரத்துணியால் எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்தேன். "நல்ல காரியமாப் போறப்ப அத ஏன்டி அழிக்கிற?" என்று அம்மா ஓடிவந்தாள். என் வண்டிக்கு நெற்றி கிடையாது என்றேன்.

"என்ன தாயி, நின்னுருச்சா?" எலுமிச்சை மூட்டையை முன்னால் ஒன்று பின்னால் ஒன்று கட்டிய மொபெட்டில் ஒருவர், தலையில் ஈரத்துண்டு, வண்டியை அணைக்காமல் காலை ஊன்றி நிற்கிறார். நிற்கவில்லை, நிறுத்தியிருக்கிறேன் என்றேன். "யாரு வண்டி?" என் வண்டி. "ஓட்டிட்டு வந்தது யாரு?" நான். "அவரு எங்க?" எவரு? அவர் தோப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார், புதருக்குள்ளிருந்து ஒரு ஆம்பிளை வேட்டியை மடித்துக்கொண்டு வருவான் என்று நிச்சயமாக நம்பியிருக்கிறார். "இல்ல, இம்புட்டுப் பெரிய வண்டியாச்சேன்னு கேட்டேன்." உங்க மூட்டையவிடச் சின்னதுதான் அண்ணாச்சி என்றேன். சிரித்தார். சிரிக்கிறவர்களை உடனே நம்பிவிடக் கூடாது. "மிதிச்சுப் பாத்தியளா?" அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது டேங்கைத் திறந்து முகர்ந்துகொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை, இந்தப் பெண் பெட்ரோலை முகர்கிறது என்று கடையநல்லூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார். அதனால் சும்மா உதைத்தேன். உதைத்தேன். கெண்டைக்கால் சதை நடுங்குகிற மட்டும் உதைத்தேன். ஒரு விக்கல், அப்புறம் அதுவும் இல்லை. "கண்ணு பட்டிருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். "இந்தா, ரெண்டு பழம். சக்கரத்துக்கு முன்னால வச்சு ஏத்துங்க, கெளம்பிரும்." ஏறுவதற்கு முதலில் ஓட வேண்டுமே அண்ணாச்சி, ஓடுகிற வண்டிக்குப் பழம் எதற்கு? "தள்ளி ஏத்துங்க." தள்ளினால் அது என் பலம், பழத்தின் பலம் எப்படி? "படிக்கியளோ?" என்றார், நோயா என்று கேட்கிற மாதிரி. "நம்ம மச்சான்கிட்ட லோடு வண்டி இருக்கு, சொன்னா தூக்கிட்டுப் போய் ராஜபாளையத்துலயே எறக்கிருவான், உங்கய்யாவுக்கு ஒரு போன் போட்டுருவமா?" ராஜபாளையம் என்று இவருக்கு யார் சொன்னது? அய்யாவுக்குப் போன் போட இவருக்கு என்ன இத்தனை அவசரம்? மண்டைக்குள் ஏதோ ஏறியது, அண்ணன், அந்தோணிசாமி, இந்த மூட்டைக்காரர், மூவரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலை நெடுக நிற்கிற மாதிரி. உங்களுக்கு எப்படித் தெரியும் ராஜபாளையம் என்று, என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவர் பயந்துபோய்ப் பக்கப் பெட்டியைக் கையால் காட்டினார். அப்பாவின் பழைய பெயர்ப்பலகை, பாதி உரிந்த எழுத்தில், ஊர்ப்பெயரோடு. "எழுதியிருக்குல்லா" என்றார். இரண்டு பழத்தையும் சீட்டின்மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

போனபின் வெட்கம் வந்தது, வெட்கத்தின் பின்னாலேயே கோபம், கோபத்தின் பின்னால்தான் யோசனை. இந்தத் தடவை ஏன் கிளம்பவில்லை? முன்னிரண்டு தடவையைவிட அதிக நேரம் நின்றிருக்கிறது, இன்ஜினில் கை வைக்க முடிகிறது, ஆறியிருக்கிறது. ஆறினால் கிளம்பும் என்றால் கிளம்பியிருக்க வேண்டும். அப்போது செய்து இப்போது செய்யாதது எது? அந்த மனிதர் நின்றதால் நான் எதைச் செய்யவில்லை? முகரவில்லை. அவ்வளவுதான். முகர்ந்தால் வண்டி ஓடுமா? சிரிப்பு வந்தது, என் ஆய்வு நெறியாளரிடம் இதை ஒரு கருதுகோளாகக் கொண்டுபோனால் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுவிடுவார். ஆனாலும் இன்னும் திறக்காதே செண்பா, கை அரித்தாலும் திறக்காதே, முதலில் பார். கார்புரேட்டரில் மாட்டியிருக்கும் பெட்ரோல் குழாயை உருவி, காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, பெட்ரோல் டேப்பைத் திறந்தேன். டேங்க் நிறைய இருக்கிறது, பீறிட்டு வர வேண்டும். ஒரு நூல் வந்தது. நூல் மெலிந்தது. சொட்டு. அப்புறம் சொட்டு வருமா வராதா என்று குழாய் முனையிலேயே தொங்கிக்கொண்டு நின்றது. குழாயில் அடைப்பா? ஊதிப் பார்க்கலாம், ஆனால் ஊதவில்லை, குழாயைக் கையில் பிடித்தபடியே எக்கி, மற்ற கையால் டேங்க் மூடியைத் திருகினேன். புஸ். அந்தச் சத்தம் முடியுமுன்னே பெட்ரோல் பாட்டிலுக்குள் குபுகுபுவென்று கொட்டியது, என் மணிக்கட்டில் வழிந்தது, சில்லிட்டது. மூடினேன். நூல், சொட்டு. திறந்தேன். புஸ், கொட்டல். உள்ளே காற்று போகவில்லை. பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே வெற்றிடம் பிடித்து இழுக்கிறது, காற்றுக்கு இரண்டாவது ஓட்டை போடாத எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி. அண்ணன்மேல் சந்தேகப்பட்டு ஒவ்வொரு தடவையும் நான் திறந்து திறந்து முகர்ந்ததுதான் அதற்கு மூச்சாக இருந்திருக்கிறது. நம்பியிருந்தால் சிவகிரிக்கு முன்னாலேயே நின்றிருப்பேன். சந்தேகத்துக்கு ஆதரவாக இதைவிட ஒரு வாதம் எனக்கு இனிக் கிடைக்காது.

மூடியைக் கண்ணருகில் பிடித்தேன். குரோமியம் பளபளப்பு, என் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை இருக்க வேண்டும். இருந்தது. அதற்குள் மஞ்சளாக, சிமெண்ட் மாதிரி இறுகி, ஓரத்தில் ஒரு சிவப்புத் துணுக்கோடு. முகர்ந்தேன். பெட்ரோல், அதற்கடியில் சந்தனம். அப்போது புறங்கை எரிந்தது. ஆமாம், எரிந்தது, இத்தனை வருடம் கழித்து, மோதிரம் பட்ட இடம். டேங்க்மேல் உட்கார்ந்திருந்த என் விரல் எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறது. இந்தத் துளையின்மேல். சுண்டுவிரல் நுனியை அதில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன், உறிஞ்சுகிற மாதிரி ஒரு சுகம், பட்டென்று அடி, "கைய எடு, அது மூச்சுவிடுற இடம்." சொல்லித்தான் அடித்திருக்கிறார். நான் அடியை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லைத் தொலைத்துவிட்டேன். ஆக, அவருக்குத் தெரியும். மூச்சுவிடுகிற இடம் எது என்று இந்த உலகத்தில் யாருக்காவது தெரியுமென்றால் அவருக்குத் தெரியும். டேங்குக்குப் பொட்டு வைக்க எத்தனை இடம் இருக்கிறது, பக்கவாட்டில் வைக்கலாம், பெயர் எழுதிய இடத்தில் வைக்கலாம், மூடியின் சரி நடுவில், குழைத்து, தட்டி. தட்டினாரே! ரசத்தைப் பார்த்து ஒப்பந்தம் போடுகிற மனிதர், சண்டையே போடாமல், குரலே உயர்த்தாமல், பூஜை செய்து என்னை நடுரோட்டில் நிறுத்துகிறார். யார் கேட்டாலும் "பொட்டு வச்சேன்" என்பார். இதை எந்தக் கோர்ட்டில் வைப்பது? பக்தியை யார் குறுக்கு விசாரணை செய்வது? பக்கப் பெட்டியில் மடேரென்று ஒரு குத்து விட்டேன், மாத்திரை வாடை எழுந்து வந்தது. இரு. இரு, செண்பா. காய்ந்த சந்தனம் உதிரும். விரலால் தட்டினாலே பொடியாக விழும், கைப்பிடியில் வைத்தது மறுநாளே விழுந்துகிடந்தது. உள்ளே இறங்கி அடைத்துக்கொள்ள அதற்கு ஈரம் வேண்டும், மேலிருந்து ஒரு அழுத்தம் வேண்டும். ஈரத்துணி. என் கட்டைவிரல். வண்டிக்கு நெற்றி கிடையாது என்று சொல்லிக்கொண்டே அழுத்தி அழுத்தி. நேற்றுச் சாயங்காலம் பெட்ரோல் பங்குக்குப் போய் நிறையப் போட்டு வந்தபோது நிற்கவில்லையே. ஆனால் பங்கு எவ்வளவு தூரம், அடுத்த தெரு, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அவர் வைத்ததா, நான் திணித்ததா? துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றித் துளையைக் குடைந்தேன். மஞ்சள் பொடி உள்ளங்கையில் விழுந்தது. யார் கை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

குழாயை மாட்டி, பாட்டிலில் பிடித்ததை டேங்கிலேயே ஊற்றி, மூடியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன், காற்று மறுபக்கம் வந்து உள்ளங்கையில் பட்டது. அப்போதுதான் கைப்பேசி அடித்தது. அப்பா. அப்பா எனக்குப் போன் பண்ணுகிற மனிதர் அல்ல, அம்மாவைக் கூப்பிடச் சொல்லிப் பின்னால் நின்று கேட்கிற மனிதர். எடுத்தேன். "எங்க இருக்க?" புளியங்குடி தாண்டிட்டேன்ப்பா. உண்மை. "சாப்பிட்டியா?" கடையநல்லூர்ல போய்த்தான். "ம்." வீட்டில் மிக்சி ஓடி நின்றது. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பார் என்று காத்திருந்தேன், வேறு எதற்குக் கூப்பிட வேண்டும், ஆனால் அதை அவர் கேட்கவே இல்லை, சுற்றிச் சுற்றிப் போனார், மழை இருக்கா, லாரிக்காரன் ஒதுங்கி வழிவிடுறானா. அப்புறம், தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெட்ரோல் போட்டியா?" நேத்துதானேப்பா முட்ட முட்டப் போட்டேன். நீங்க வாசல்ல நின்னு பாத்தீங்களே. "இருந்தாலும்... ஒரு தடவ நிப்பாட்டித் திறந்து பாத்துக்கோ. மூடியத் திறந்து... எவ்வளவு இருக்குன்னு." அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ராஜபாளையத்தில், வெறும் வாசலில், உறை மட்டும் கிடக்கிற இடத்தைப் பார்த்தபடி, எங்கே பொட்டு வைத்தோம் என்று ஞாபகம் வந்துவிட்டது. அல்லது அது எப்போதும் ஞாபகத்தில் இருந்து, இன்று காலைக்கு மேல் பொறுக்க முடியவில்லை. இரண்டில் எது? கேட்டுவிடலாம். ஏன்ப்பா மூடியிலே வச்சீங்க என்று நான் கேட்டால், வண்டி நின்றது என்று நானே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. சந்தனம் அடைச்சிருக்கும் பாரு என்று அவர் சொன்னால், நின்னுச்சா என்று அவரே கேட்ட மாதிரி, கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும், சொன்னால், போன் அவர் பண்ணியது என்றாலும், வண்டி கோமதிக்கு. அவர் போட்ட சட்டம் அவர் வாயையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்குத்தான் அன்றைக்கே தெளிவாகக் கேட்டேன், யார் பண்ணுகிற போன் என்று. "இப்பத்தான்ப்பா திறந்து பாத்தேன்," என்றேன். "நிறைய இருக்கு." அந்தப் பக்கமிருந்து ஒரு மூச்சுச் சத்தம், நீளமாக, மெதுவாக. இன்று காலை முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். நிம்மதிக்கும் அந்தச் சத்தம்தான், ஏமாற்றத்துக்கும் அதேதான், எனக்கு எது என்று பிரிக்கத் தெரியவில்லை, பிரிக்காமல் விடவும் போவதில்லை. "அப்பச் சரி," என்றார். நான் போனை வைக்கவில்லை. அப்படியே சீட்டின்மேல், அந்த இரண்டு எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூடியைத் திருகி மாட்டி, டேப்பைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, எழுந்து நின்று உதைத்தேன். ஒரே உதை. கேட்கட்டும் என்று வண்டியை அப்படியே ஓடவிட்டு நின்றேன். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவரும் வைக்கவில்லை.